முழு ரூமா எடுத்தா

ரசியா: ...இல்லம்மா, தனியா தர்றதில்ல. போன்லயே சொன்னேன்ல.

இசைவாணி: சொன்னீங்கம்மா. சும்மா கேட்டுப் பாத்தேன். கட்டிலும் பீரோவும் மட்டும் எடுத்தா...

ரசியா: பத்து பர்சென்ட் கொறையும். நாலு சாமான் எடுத்தா இருபது. முழு ரூமா எடுத்தா முப்பத்தஞ்சு. விளம்பரத்துலயே போட்டிருக்கேனே, பாக்கலியா?

இசைவாணி: பாத்தேன். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருந்துச்சு. யாரும்மா போட்டுக் குடுத்தா?

ரசியா: ஏன், எனக்குப் போடத் தெரியாதா? கண்ணாடி போட்டாத்தான் எழுத்து தெரியும், அவ்வளவுதான். ஒரு வீடியோல சொன்னாங்க. ஒண்ணொண்ணா வித்தா நல்லது மட்டும் போயிரும், மத்தது நம்ம தலையில தங்கிரும். கட்டாப் போடுங்க, எடுக்க எடுக்கக் கொறைங்கன்னாங்க.

இசைவாணி: நல்லாத்தான் சொல்லிருக்காங்க. திருத்துறைப்பூண்டிலேருந்து என்னை இழுத்துட்டு வந்துருச்சே.

ரசியா: ஒக்காரும்மா. அந்த சேர்லயே ஒக்காரு. அதுவும் விக்கிறதுதான், சோதிச்சுப் பாத்த மாதிரி இருக்கும். பேரு என்ன சொன்ன... இசையா?

இசைவாணி: இசைவாணி.

ரசியா: வாசல்ல வேன்ல யாரு?

இசைவாணி: மாமா. வீரையன்னு, அம்மாவோட தம்பி. நெல்லு மூட்டை ஏத்துற வண்டி. சாமான் ஏத்தணுமேன்னு கூட்டிட்டு வந்தேன்.

ரசியா: உள்ள வர வேணாம்னு சொல்லிட்டேல்ல?

இசைவாணி: சொல்லிட்டேம்மா. நீங்க கூப்புட்டாத்தான் எறங்குவாரு.

ரசியா: தப்பா நெனச்சுக்காத. பக்கத்து ரூம்ல எம் பொண்ணு இருக்கு, மர்யம். வெளி ஆம்பளைங்க வந்தா... அதுக்கு வெக்கம். ஏத்துறப்போ நான் அதை மாடிக்கு அனுப்பிட்டு சொல்றேன். அப்ப வரட்டும்.

இசைவாணி: சரிம்மா.

ரசியா: பாரு, நல்லாத் தொட்டுப் பாரு. கட்டில் தேக்கு. நாகூர்ல ஆர்டர் குடுத்து செஞ்சது. பீரோ பூட்டு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கும், பழகல. ஏசி ஒரு சீசன்கூட முழுசா ஓடல. கண்ணாடி மேசை டிராயருல ஒட்டுன பிளாஸ்டிக்கக்கூட இன்னும் உரிக்கல பாரு. அந்தக் கம்பளி, புலி போட்டது, அது எங்க வூட்டு ஆளு சவுதியில இருந்தப்ப வாங்குனது. மர்யத்துக்கு அப்ப ஏழு வயசு. அப்பலேருந்தே சேத்தோம்.

இசைவாணி: புதுசாவே இருக்கும்மா எல்லாம்.

ரசியா: இருக்காதா பின்ன. நாப்பத்திரெண்டு நாளு...

இசைவாணி: என்னம்மா?

ரசியா: இல்ல... மாப்பிள்ளை லீவு அவ்வளவுதான். கல்யாணம் முடிஞ்சு நாப்பத்திரெண்டு நாளுதான் இந்த ரூம்ல இருந்தாரு. எங்க ஊருல மாப்பிள்ளைதாம்மா பொண்ணு வூட்டுக்கு வருவாரு. வூட்ட பொண்ணு பேருல எழுதிருவோம். அதுல மாப்பிள்ளை ரூம்னு ஒண்ணு...

இசைவாணி: தெரியும்மா. வெள்ளை அடிச்சு, கதவுக்குத் தனியா சாவி போட்டு... லீவுல வர்றவரைக்கும் வேற யாரும் படுக்கக்கூடாதுன்னு. அண்ணன் சொல்லிருக்கு.

ரசியா: உங்க அண்ணனுக்கு எப்படித் தெரியும் எங்க ஊரு வழக்கம்?

இசைவாணி: அதுவும் சவுதிதாம்மா. கூட இருக்கறவங்க யாராச்சும் சொல்லிருப்பாங்க.

ரசியா: அப்படிச் சொல்லு. இந்த சாமானும் அவருக்குத்தானா?

இசைவாணி: ஆமா. தையில கல்யாணம். அதான் ரூம் செட்டு பாக்கறோம். எங்க வீடு சின்னது. அப்பா காலத்துல கூரை. அண்ணன் அனுப்புன காசுலதான் ரெண்டு ரூமு கட்டுனோம், என்னை மன்னார்குடியில படிக்க வச்சுது. இப்ப அதுக்குன்னு ஒரு கட்டில்கூட இல்லன்னு அம்மாவுக்கு...

ரசியா: கண்ண ஏம்மா தொடைக்கிற? நல்ல காரியம் பேசுறப்ப.

இசைவாணி: ஏசி காத்தும்மா.

ரசியா: ஏசி போடவே இல்லியே.

இசைவாணி: ...தூசி. வேன்ல வந்தேன்ல.

ரசியா: தண்ணி குடி. ...எங்க மாப்பிள்ளைக்கும் நல்ல காலந்தான். கனடாவுல வேலை கெடச்சிருக்கு. மர்யத்தையும் கூட்டிட்டுப் போறாரு. அங்க குளிருல இந்தச் சாமானெல்லாம் எதுக்கு? அதான் விக்கிறோம். இல்லேன்னா இதை விக்க மனசு வருமா?

இசைவாணி: போன்லயும் சொன்னீங்க.

ரசியா: சொன்னேன்ல. பேரு ஹஸ்ஸான். நல்ல புள்ள. இந்தக் கண்ணாடி முன்னால நின்னுதான் மீசைய ஒதுக்குவாரு. பாட்டு மாதிரி ஒண்ணு முணுமுணுத்துக்கிட்டே... ஒதுக்குவாரு, இன்னும் அப்படித்தான். பழக்கம் போகுமா?

இசைவாணி: எப்பம்மா கெளம்புறாங்க?

ரசியா: யாரு?

இசைவாணி: உங்க பொண்ணு. கனடாவுக்கு.

ரசியா: அதுவா... பேப்பரு வரணும். வந்ததும். நீ அதை விடு. முழு ரூமும்னா எழுபத்தெட்டாயிரம். முப்பத்தஞ்சு பர்சென்ட் கழிச்சுச் சொல்றேன்.

இசைவாணி: சரிம்மா.

ரசியா: சரியா?

இசைவாணி: சரிதானே?

ரசியா: பேரமே பேசல. எழுபத்தெட்டுன்னா அறுபதுன்னு கேக்கணும், நான் ஆகாதுன்னு சொல்லணும், நீ எந்திரிச்சு வாசல் வரைக்கும் போகணும், நான் கூப்புடணும். ஒண்ணுமில்லாம சரிங்கற. காலையிலேருந்து எத்தனை பேரு தெரியுமா? எல்லாருக்கும் ஏசி மட்டும் வேணும். ஏசியக் கழட்டிட்டுப் போயிருவான், ஓட்டைச் செவுத்த நாங்க பாத்துக்கிட்டு ஒக்காரணுமா? எல்லாம் சேந்து போகணும். ஒரு துரும்புகூட இங்க தங்கக்கூடாது.

இசைவாணி: நானும் அதைத்தாம்மா கேக்கறேன். எல்லாம் சேத்து. ஒண்ணு விடாம.

ரசியா: அப்பறம் என்ன.

இசைவாணி: அந்தப் பொட்டியும் சேத்து.

ரசியா: எந்தப் பொட்டி?

இசைவாணி: கட்டிலுக்கு அந்தப் பக்கம். நீலக் கயிறு கட்டின அட்டைப் பொட்டி.

ரசியா: அது... அது விக்கிறது இல்லம்மா.

இசைவாணி: போட்டோல இருக்கே.

ரசியா: தெரியாம விழுந்துருச்சு. கட்டில எடுத்தேன், ஓரத்துல அதுவும் விழுந்துருக்கு. அது மாப்பிள்ளை போன மாசம் அனுப்புன சாமான். கார்கோவுல வந்தது.

இசைவாணி: பிரிக்கவே இல்லியாம்மா?

ரசியா: மர்யம் பிரிக்க விடல. அவரு வந்து பிரிக்கட்டும்னு.

இசைவாணி: ஓரத்துல டேப்பு கிழிஞ்சிருக்கே...

ரசியா: எலி. இந்தப் பக்கம் எலி ஜாஸ்தி. நீ ஏம்மா அதையே பாக்கற? எம் பேச்சக் கேட்டுக்கிட்டே கண்ணு அங்கயே இருக்கு. வந்ததுலேருந்து பாக்கறேன்.

இசைவாணி: முழு ரூமுன்னுதானே போட்டிருக்கீங்க. அந்தப் பொட்டியும் சேந்தா எடுத்துக்கறேம்மா. அது இல்லாம எனக்கு வேணாம்.

ரசியா: இதென்ன வம்பா இருக்கு. பழந்துணிக்காக கட்டிலயும் பீரோவையும் வேணாங்கறியா?

இசைவாணி: பழந்துணின்னு எப்படிம்மா தெரியும்? பிரிக்கலன்னீங்க. கோவிச்சுக்காதீங்கம்மா. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ரசியா: மெதுவாப் பேசு. அந்தப் புள்ளைக்குக் கேக்கும். ...கதவச் சாத்திட்டு வரேன் இரு.

இசைவாணி: அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்...

ரசியா: நான் சொல்றேன், மொதல்ல நீ கேளு. அந்தப் பொட்டிய எடுத்துட்டுப் போறியா? நெசமாவே எடுத்துட்டுப் போயிருவியா? காசு வேணாம். சும்மா எடுத்துக்க. ரூமோட விலையில இன்னும் பத்தாயிரம் கொறைச்சுக்கறேன். ஆனா இங்க பிரிக்கக்கூடாது. வேன்ல வச்சும் பிரிக்கக்கூடாது. ஊருக்குப் போயி என்ன வேணா செஞ்சுக்க.

இசைவாணி: எதுக்கும்மா?

ரசியா: ராத்திரியெல்லாம் அதுமேல கைய வச்சுக்கிட்டே தரையில படுத்துக் கெடக்கும்மா எம் பொண்ணு. அவ்வளவு பெரிய கட்டிலு இருக்கு. ஏறிப் படுக்கறதில்ல. விரிப்ப மட்டும் வாரம் ஒருதடவை மாத்துது. நேத்துகூட மாத்திச்சு. யாருக்கு மாத்துறன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. கனடா எல்லாம் இல்லம்மா. பொய்தான் சொன்னேன். உண்மையச் சொன்னேன் மொதல்ல வந்தவங்ககிட்ட. மவுத்தாப் போன மாப்பிள்ளை கட்டில்னு தெரிஞ்சதும், வெளியில போயி போன் பண்ணிட்டு வரோம்னு போனாங்க, வரவே இல்ல. அதுக்கப்பறந்தான் கனடா. நீ அண்ணன் கல்யாணத்துக்குன்னு கேட்டு வந்திருக்க. உன்னை ஏமாத்தி இந்தக் கட்டிலக் குடுத்து அனுப்புனா அல்லாஹ் என்னைக் கேப்பான். வேணாம்னா போயிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இசைவாணி: வேணாங்கலம்மா.

ரசியா: வேலைக்குப் போறப்ப வேன் கவுந்து போச்சாம். அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. நாங்க யாரும் மொகத்தப் பாக்கல. ஒரு போட்டோகூட இல்ல. பேப்பருல பேரு வந்துச்சு, அப்பறம் இந்தப் பொட்டி வந்துச்சு. அவ்வளவுதான் எங்க மாப்பிள்ளை. புருசன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு வெளிய வராம இத்தா இருக்கணும் எங்கள்ல. நாளையோட முடியுது. நாளன்னைக்கு அந்தப் புள்ள வெளியில வரும். வர்றப்ப இந்த ரூமு வெறும் ரூமா இருக்கணும். அதுக்குத்தாம்மா கட்டாப் போட்டேன். கட்டில் போயி பொட்டி தங்குனா ஒரு புண்ணியமும் இல்ல. நீ எடுத்துட்டுப் போ.

இசைவாணி: அம்மா, உங்க பொண்ணு ஏதாச்சும் சொன்னாங்களா? அவரு இறந்ததப் பத்தி?

ரசியா: அதுதான் என்னைக் கொல்லுது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வெள்ளை உடுத்துன்னா உடுத்துச்சு. உள்ள இருன்னா இருந்துச்சு. எல்லாம் எனக்காக செய்யற மாதிரி. துக்கம் கேக்க வந்தவங்கள, இவங்களுக்கு என்ன தெரியும்ங்கற மாதிரி பாக்குது. வாய் விட்டு அழு மவளேன்னு கெஞ்சிப் பாத்துட்டேன்.

மர்யம்: உம்மா.

ரசியா: நீ எதுக்கு வந்த? உள்ள போ. வாசல்ல ஆளு நிக்குது.

மர்யம்: அந்தப் பொட்டியக் குடுக்காதீங்க.

ரசியா: மர்யம், போதும்மா. நாலு மாசமாச்சு. அவரு சட்டை துணிமணி அது. அதைக் கட்டிக்கிட்டுக் கெடந்தா அவரு வந்துருவாரா?

மர்யம்: அது அவரு சட்டை இல்ல.

ரசியா: என்ன?

மர்யம்: எலி கிழிக்கல உம்மா. வந்த அன்னைக்கே நான்தான் பிரிச்சேன். பாத்துட்டு திரும்பக் கட்டி வச்சுட்டேன். அதுல அவரோடது ஒரு நூலுகூட இல்ல. சட்டையெல்லாம் சின்ன அளவு. ஒரு முருகன் படம். திருநீறு பொட்டலம் ஒண்ணு. சாப்பாட்டு டப்பா மூடியில ஆணியால கீறி ஒரே ஒரு எழுத்து, ‘அ’ன்னு.

ரசியா: யா அல்லாஹ்... இத ஏன்டி சொல்லல?

மர்யம்: சொன்னா திருப்பி அனுப்பிருப்பீங்க. அப்பறம் எங்கிட்ட என்ன இருக்கும்? பேப்பருல அவரு பேரு இருக்கு. பொட்டி மேல அவரு பேரு இருக்கு. உள்ள வேற ஆளு. அப்ப செத்ததும் வேற ஆளுதானே? பேர மாத்தி எழுதிட்டாங்க உம்மா. அவரு எங்கயோ ஆஸ்பத்திரியில கெடக்காரு. இல்ல ஜெயில்ல. எதுன்னாலும் சரி. அந்தப் பொட்டிதான் எனக்கு சாட்சி. அதை வித்துறாதீங்க.

ரசியா: இசைவாணி, நீ ஏம்மா அழற? நீ எதுக்கு அழற?

மர்யம்: அவங்க கட்டில் வாங்க வரல உம்மா. வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ...சொல்லுங்க. அந்த ‘அ’ யாரு?

இசைவாணி: அன்பரசன். எங்க அண்ணன்.

ரசியா: தையில கல்யாணம்னியே...

இசைவாணி: இல்லம்மா. நானும் பொய்தான் சொன்னேன். அதே வேன்தான். அண்ணனக் கொண்டாந்தாங்க, நாப்பது நாளு கழிச்சு. மூஞ்சியப் பாத்தோம். நாங்களே எரிச்சோம்.

மர்யம்: அப்ப சரி. அப்ப நான் சொன்னதுதான். செத்தது உங்க அண்ணன்.

இசைவாணி: அக்கா...

மர்யம்: பாவம், உங்க அம்மாவ நெனச்சா கஷ்டமா இருக்கு. எடுத்துட்டுப் போங்க அந்தப் பொட்டிய. இனிமே எனக்கு அது வேணாம், நீங்களே வந்து சொல்லிட்டீங்க. உம்மா, கேட்டீங்களா? அது அவங்க அண்ணன்.

ரசியா: இரு மர்யம். ...ஏம்மா, போன்லயே இதைச் சொல்லிருக்கலாமே?

இசைவாணி: சொல்லத்தாம்மா போன் பண்ணேன். ரெண்டு மாசமா இந்த ஊருல ஹஸ்ஸான் வீடு எதுன்னு தேடுறோம். அண்ணன் ரூம்ல இந்த ஊருக்காரரு ஹஸ்ஸான்னு ஒருத்தர், அண்ணன் முறை வச்சு அது காக்கான்னு கூப்புடும், அவ்வளவுதான் தெரியும். சாமான் கட்டுனவங்க கேம்ப் மாறிட்டாங்க, போன் போகல. போன வாரம் கட்டில் விளம்பரத்துல அந்தப் பொட்டி. நீலக் கயிறு, மேல ஹஸ்ஸான்னு பேரு. ஒடனே அடிச்சேன். நீங்க எடுத்ததும், மாப்பிள்ளை கனடா போறாருன்னீங்க. எனக்கு வாய் வரல. உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலியோன்னு நெனச்சேன். நான் எப்படிம்மா சொல்லுவேன்? சாமான் வாங்கற மாதிரி வந்து, பொட்டிய மட்டும் வாங்கிட்டு ஓடிரலாம்னு... கையில பன்னெண்டாயிரந்தான் இருக்கு. அம்மாவுக்கு அண்ணன் சட்டை ஒண்ணு வேணும். அவ்வளவுதான்.

ரசியா: ரெண்டு மாசமா எங்களத் தேடுனீங்களா? எதுக்கு? எங்ககிட்ட உங்க பொட்டி இருக்குன்னு எப்படித் தெரியும்?

மர்யம்: உம்மா, அதை ஏன் இப்பக் கேக்கறீங்க? எடுத்துட்டுப் போகட்டும்.

ரசியா: சொல்லும்மா. எப்படித் தெரியும்?

இசைவாணி: எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சும்மா. மேல அண்ணன் பேரு. அம்மா பிரிச்சு ஒவ்வொரு சட்டையா எடுத்து மோந்து பாத்துட்டு, இது இல்ல, இது எம் புள்ள இல்லன்னு கீழ வச்சுச்சு. தொழுகைப் பாய் ஒண்ணு இருந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுது. ரெண்டு பேரு சாமானையும் ஒரே நாள்ல கட்டிருக்காங்க. பேரு எழுதறப்ப மாறிருச்சு.

ரசியா: ஒரே நாள்ல... ரெண்டு பேரு சாமானையுமா...

இசைவாணி: கொண்டாந்திருக்கோம்மா. வேன்லதான் இருக்கு. எதையும் தொவைக்கல. எதையும் எடுக்கல.

மர்யம்: இருக்கட்டும். தொழுகைப் பாய் யாருகிட்டதான் இல்ல. அந்த கேம்ப்ல நூறு பேரு இருந்திருப்பாங்க. வேற யாராச்சும்... நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. சவுதிக்குப் போறப்ப ஒரு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனாரு. கார் வந்து நிக்குது, மூணாவது பொத்தான் பிஞ்சு வந்துருச்சு. அவசரத்துல நான்தான் தச்சேன். வெள்ளை நூலு கைக்கு அகப்படல. அது ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் எனக்கும் மட்டுந்தான். அந்தச் சட்டை அதுல இல்லன்னு சொல்லுங்க.

இசைவாணி: ...பச்சை நூலு, அக்கா.